முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய கைப்பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போன கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

தேடிப்போனது ஒரு கைப்பெட்டி. பர்மாவின் ரங்கூனில் நம்மவர்கள் நடத்திய கடைகளில் முன்னால் வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவார்களே, அந்தச் சாய்வு மூடிப் பெட்டி. எங்கள் ஐயா 14 வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகத் தொழில் பழகும் பையனாக, கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனவர். கடைக்காரத் தம்பி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் மூடியின் உள்பக்கம் விரலகலத்துக்கு மை கொட்டிய கறை. முகர்ந்தால் பழைய காகித வாடை. மனசு அதிலேயே நின்றுவிட்டது. 9,000 சொன்னார், 6,500-க்கு முடிந்தது. மங்குச் சாமான்களும் (பீங்கான் பாத்திரங்கள்) நிறைய வைத்திருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஜப்பான்காரன் வராம இருந்திருந்தா இந்தப் பெட்டியெல்லாம் ரங்கூன்லயே இருந்திருக்கும் ஆச்சி" என்றார், பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டே.

"அவனை மட்டும் சொன்னா எப்படி? நம்மளச் சண்டையில இறக்கிவிட்டவன் யாரு?" என்றேன். பில் வர முக்கால் மணி நேரம் ஆனது.

1939 செப்டம்பர் 3, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயம். நம் தலைவர்கள் ஒருவரையும் கலக்காமல், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று பிரிட்டிஷ் வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தம்பி விடவில்லை. "ஹிட்லரை யாராவது அடிச்சுத்தானே ஆகணும்? கேட்டிருந்தா மட்டும் மாட்டேன்னா சொல்லியிருப்பாங்க?"

வயிற்றெரிச்சலே அதுதான். காங்கிரஸ் மறுக்கவில்லை. ஜனநாயகத்துக்காகத்தான் சண்டை என்றால் எங்கள் சுதந்திரத்துக்கு என்ன பதில் என்று கேட்டது. நேரான பதில் வரவில்லை. அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. இரண்டு வருஷம் கழித்து, எந்த மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற அட்லாண்டிக் சாசனம் பற்றிப் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும், அது முதலில் நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளுக்குத்தான் என்று கையை விரித்துவிட்டார். ஆனாலும் போர் முடிவதற்குள் நம் ஆட்கள் சுமார் 25 லட்சம் பேர் ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள். ஹிட்லரை எதிர்த்தது ஞாயம்தான். வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் பேரில் கடன் எழுதியது எந்த ஊர் ஞாயம்? லேவாதேவி ஊரில் இதை விளக்கவா வேண்டும்.

ஒரு இடத்தில் தம்பி என்னை மடக்கிவிட்டார். நாம் ஒதுங்கியிருந்தாலும் ஜப்பான் பர்மாவுக்கு வந்திருக்கும், அவனுக்கு வேண்டியது எண்ணெயும் அரிசியும், சீனாவுக்குப் போகும் ரோட்டை அடைப்பதும் என்றார். பர்மா 1937-லேயே தனியாகப் பிரிந்ததையும் சொன்னார். உண்மைதான். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் நகரமே ஜப்பான் கைக்குப் போய்விட்டது. ஐயா பர்மாவின் புரோம் ஊரிலிருந்து அரக்கான் மலை தாண்டி நடந்து வந்தவர். ஹிட்லரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. "பேரேடு அங்கேயே கிடக்கு" என்பார், அவ்வளவுதான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மூடியும் பக்கங்களும் அசல் பர்மாத் தேக்கு, சந்தேகமில்லை. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகை பிளைவுட். பூட்டும் புதுசு, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று மின்னுகிறது. சண்டை சுவாரசியத்தில் கவிழ்த்துப் பார்க்காதது என் தப்பு. சொல்லாமல் விற்றது அவர் தப்பு. போன் செய்தேன். "மாத்தித் தர்றேன் ஆச்சி, தை பொறக்கட்டும்" என்றார். மாசியும் பாதி போய்விட்டது.