பிரிட்ஜ் பெட்டியா, மைலோ பெட்டியா?

பள்ளி விடுமுறையில் அட்டைக் கோட்டை கட்ட, பினாங்கில் எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாச்சு.

பிரிட்ஜ் பெட்டிக்கு ஒரு கதவு வெட்டினால் கோட்டை ரெடி. அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் செங்குத்தாக நிற்கணும், இல்லையென்றால் சுவர் மடங்கும். ஆனால் கத்தி வேலையெல்லாம் அப்பாவுக்கே. சின்னவள் கொட்டாவி விட்டாள்.

மளிகைக்கடையில் மைலோ (சாக்லேட் மால்ட் பானம்) வரும் பெட்டிகள் வேறு ரகம். செங்கல் மாதிரி, கீழ்வரிசையில் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்கு மேலே அடுத்த பெட்டியின் நடுப்பகுதி வர அடுக்கணும். பினாங்கின் பழைய கார்ன்வாலிஸ் கோட்டை போல நட்சத்திர மூலை கேட்டாள் சின்னவள். 1920களில் மலேரியாவால் அதன் அகழியை மூடியதைச் சொன்னேன். உடனே என் நீலக் கைலியை விரித்து அகழி ஆக்கிவிட்டாள்!

மழைக்காற்றில் இரண்டுமே தொய்யும். மைலோ சுவரில் நனைந்த பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு அதுதான்.