விரிசலைத் தாங்க எது: மணலா, செராமிக்கா?

எரிவாயு எடுக்க, ஷேல் என்னும் களிமண் படிவுப் பாறையை நீரழுத்தத்தால் பிளந்தபின் பம்பை நிறுத்தினால் விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கும். மூடவிடாமல் முட்டுக்கொடுப்பவை கூடவே செலுத்தப்படும் மணிகள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எரிவாயு அவற்றின் இடுக்குகள் வழியாகத்தான் கிணற்றுக்கு வர வேண்டும்.

மணல் மலிவு. ஆனால் மூடும் அழுத்தம் சுமார் 6,000 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) நெருங்கும்போது மணிகள் நொறுங்கத் தொடங்கும். ஒரு மணி உடைந்தால் பல தூள்கள். அவை போய் அடைப்பது, வாயு நழுவிவரும் அதே இடுக்குகளை.

செராமிக் 10,000 பிஎஸ்ஐக்கு மேலும் தாங்கும். உருண்டை வடிவம், சீரான அளவு, ஆகவே இடுக்குகளும் தாராளம். விலைதான் உறுத்துகிறது. அடர்த்தி கூடிய வகைகள் மெல்லிய நீர்க்கலவையில் சீக்கிரம் அடியில் படிந்து, விரிசலின் மேற்பகுதியை வெறுமையாக விட்டுவிடும்.

களிமண் மிகுந்த மென்பாறையில் இரண்டுமே சுவருக்குள் புதையும். அங்கே செராமிக்கின் உறுதிக்குக் காசு கொடுப்பது வீண் என்பேன். தவிர, ஷேல் வாயுவைக் கசியவிடுவதே மிக மெதுவாக. அதற்கு அகன்ற பாதை எதற்கு? ஆழமும் அழுத்தமும் மிகுந்த கிணறு என்றால் மட்டும் செராமிக்கை யோசிக்கலாம்.