கொடைக்கானல் மேல்மலையில் கிளப் கேம்ப் போடப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வார இறுதியில் எங்கள் ஆஃப்ரோடு கிளப்பின் (ரோடு இல்லாத கரடுமுரடான பாதையில் ஜீப் மாதிரி வண்டி ஓட்டுகிறவர்கள்) வருடாந்திரக் கூடுகை நடந்தது. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கமிருந்து 14 வண்டிகள், 38 பேர், அதில் ஒன்பது குழந்தைகள். தங்குமிடத்துக்கும் டென்டுக்கும் நான்தான் பொறுப்பு. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்று ஓர் ஏற்பாட்டாளர் எங்களிடம் 65,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். இதுவரை திரும்பி வந்தது 10,000. புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் எப்படிப் பேசுவார், எதைக் காட்டுவார், எங்கே நழுவுவார் என்பதை மட்டும் முழுசாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே சீசனில் இன்னும் எத்தனை கிளப் அவரிடம் மாட்டப்போகிறதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழக்கமாக நாங்கள் ஆனைமலை பக்கம் ஓர் உறுப்பினரின் தென்னந்தோப்பில்தான் கூடுவோம். இந்த முறை குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம், மலைக்குப் போகலாம் என்று முடிவானது. தேடும்போது இவர் விளம்பரம் கண்ணில் பட்டது. வரிசையாக மஞ்சள் டென்ட், பின்னால் பைன் மரங்கள், நடுவில் நெருப்பு. போன் செய்தேன். "சார், நாலு ஏக்கர் பட்டா நிலம், நம்ம சொந்த இடம். 16 டென்ட், ஆறு ரூம், அஞ்சு டாய்லெட், சுடுதண்ணி எல்லாம் இருக்கு. டிராக் நம்ம நிலத்துக்குள்ளயே ரெண்டு கிலோமீட்டர் ஓடுது" என்றார். அதோடு நிற்காமல், எந்த டயர் போட்டிருக்கிறீர்கள், எத்தனை வண்டியில் வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கருவி) இருக்கிறது, பழைய எம்.எம்.540 ஜீப் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். வண்டி தெரிந்த ஆள் என்று நம்பியது அந்த இடத்தில்தான். ஆளுக்கு 2,400, இரண்டு இரவு, சாப்பாட்டோடு, மொத்தம் 91,200 ரூபாய்.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் எரிச்சலாக வருகிறது. நாலு ஏக்கர் என்பது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 130 மீட்டர்கூட வராது. மேல்மலையில் நிலமெல்லாம் படிக்கட்டு வயல். அதில் டென்ட், அறை, 14 வண்டி நிறுத்த இடம் போக இரண்டு கிலோமீட்டர் டிராக் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இடத்தை முன்கூட்டியே நேரில் பார்க்க, ரெக்கி வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை மழையில் மரம் விழுந்து பாதை அடைத்திருக்கிறது என்றார். இரண்டாவது தடவை ஊரில் துக்கம் என்றார், அதற்குப் பதிலாக ஒரு வீடியோ அனுப்பினார். நானும் வீடியோவைப் பார்த்துவிட்டு சரி என்றேன். முதலில் 25,000 அனுப்பினோம். பத்து நாள் கழித்து, வேறொரு குழு முழுப்பணத்தோடு நிற்கிறது, இன்னும் 40,000 போட்டால்தான் தேதியைப் பிடித்து வைக்க முடியும் என்றார். அந்த 40,000-ஐ வேறொரு பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார், "தம்பி அக்கவுன்ட் சார்" என்று. அனுப்பினோம்.

அடுத்தது ஈ-பாஸ். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு ஈ-பாஸ் வேண்டும். இது இலவசம். அவரவர் போனிலேயே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இவர் "14 வண்டி மொத்தமா போடணும் சார், அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி வண்டிக்கு 200 வீதம் 2,800 தனியாக வாங்கினார். பழனி மலைப்பாதை அடிவாரத்தில் சோதனைச் சாவடியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒன்பது பாஸில் வேறு யாருடைய வண்டி எண்ணோ வருகிறது. ஒரே பாஸை எடுத்து எங்கள் எண்களை மேலே ஒட்டி அனுப்பியிருக்கிறார். அங்கே நின்றிருந்த ஊழியர் நல்ல மனிதர், எங்களைக் குற்றவாளி மாதிரி நடத்தாமல் ஓரமாக நிறுத்திப் புதிதாக எடுக்கச் சொன்னார். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் இரண்டு மணி நேரம் போனது. குழந்தைகள் வெயிலில் வண்டிக்குள்.

பெருமாள்மலை, கொடைக்கானல், பூம்பாறை தாண்டி அந்த மண் பாதைக்குள் திரும்பும்போது மாலை ஐந்தே முக்கால். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஏற்பாட்டாளர் இல்லை, போனும் எடுக்கவில்லை. இரண்டு பையன்கள் மட்டும் நின்றார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். 16 டென்ட் என்றது ஒன்பது. அதிலும் நான்கு, சரிவில் போட்டது, மழைக்கு மேல்விரிப்பே இல்லாத ஒற்றைத் துணி டென்ட். "ஆறு ரூம்" என்பது தகரம் அடித்த நான்கு தடுப்பு, ஒன்றுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கழிப்பறை இரண்டு, தொட்டியில் தண்ணீர் இல்லை. 38 பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் காலையில் வரிசை எப்படி இருக்கும் என்று கேம்ப் போட்டவர்களுக்குத் தெரியும். வண்டி நிறுத்த சமதளம் ஏழுக்குத்தான் இருந்தது, மிச்ச வண்டிகளை மண் பாதையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினோம். இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் முன்னால் இருக்கிற வண்டியை எடுக்க ஆறு வண்டி பின்னால் நகர வேண்டும்.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் போன மாதக் கூலி பாக்கி என்று சமையல் செய்யும்போது சொன்னார்கள். நாங்கள் கொண்டுபோன அரிசியும் முட்டையும் வைத்து அவர்கள்தான் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள்.

இரவில் ஒரு வண்டியின் மீட்டரில் வெளி வெப்பநிலை 7 டிகிரி. குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டபோது பையன்கள் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கொண்டுவந்தார்கள், தகரத் தடுப்புக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லி முதலாளி சொன்னாராம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். எங்களோடு வந்த ஒரு நர்ஸ் அக்கா அந்தச் சட்டிகளை எல்லாம் தானே தூக்கி வெளியே வைத்தார். குழந்தைகளைப் பெரிய வண்டிகளில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கம்பளி சுற்றிப் படுக்க வைத்தோம். பெரியவர்கள் பாதிப் பேர் தூங்கவே இல்லை. நள்ளிரவில் இரண்டு காட்டெருமைகள் டென்டுக்கு இருபது அடி தள்ளி வந்து நின்றன. வேலியும் இல்லை, காவலும் இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்ற சம்பவம் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஏற்பாட்டாளர் போனில் வந்தார், மன்னிப்புக் கேட்டார், பையன் டிராக் காட்டுவான் என்றார். வந்ததற்கு அதையாவது ஓட்டுவோம் என்று நான்கு வண்டிகள் கிளம்பின. ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். முதல் ஜிப்ஸியில் இருந்த எங்கள் மூத்த உறுப்பினர் வாக்கி-டாக்கியில் "எல்லாரும் நில்லுங்க, எல்லைக்கல் தெரியுது" என்றார். இறங்கிப் பார்த்தால் எண் எழுதின வனத்துறைக் கல். அதற்கு மேல் போனால் காடு. "ரெண்டு கிலோமீட்டர் டிராக்" என்று இவர் விற்றது காட்டுக்குள் போகிற பாதையை. கொடைக்கானல் மலையில் 2013-லேயே வன உயிரின சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி போனால் வழக்கு ஓட்டுகிறவர் மேல்தான், வண்டியும் பறிமுதல் ஆகலாம். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே வனக்காப்பாளர் இருவர் வந்துவிட்டார்கள். எல்லையைத் தாண்டவில்லை என்பதால் எண்களை எழுதிக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். டென்ட் போட்டு ஆள் தங்க வைக்க அந்த இடத்துக்கு அனுமதியே இல்லை என்பதையும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

திருப்பும்போதுதான் இன்னொரு தப்பு நடந்தது. மூன்றாவது வண்டியின் பின்சக்கரம் ஒரு கேரட் வயலின் கல்வரப்பில் ஏறி, நாலைந்து அடிக்கு வரப்பு சரிந்தது. வயலுக்குச் சொந்தக்காரப் பெரியவர் ஓடி வந்தார். "யாரு தம்பி உங்கள உள்ள விட்டது?" என்று கேட்டார், சத்தம்கூடப் போடவில்லை. விசாரித்தால், டென்ட் போட்ட நிலம் அவர் அண்ணன் மகனுடையது. வார இறுதிக்கு 3,000 ரூபாய் வாடகை, காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேர் நடந்து வருவார்கள் என்று சொல்லித்தான் ஏற்பாட்டாளர் கேட்டு வாங்கியிருக்கிறார். "நம்ம சொந்த இடம்" என்ற பேச்சு அதோடு முடிந்தது. நாங்கள் கொடுத்த பணத்தில் பெரியவர் வரப்பு அடுக்க இரண்டு ஆள் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் மதியம் வரை நின்று கல் எடுத்துக் கொடுத்தோம். அவர் வீட்டில் குழந்தைகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த சேதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆஃப்ரோடு வண்டி என்றாலே விவசாயிகள் பயப்படுகிற மாதிரி ஆக்கிவிட்டால் நாளைக்கு எந்தக் கிளப்புக்கும் யாரும் இடம் தர மாட்டார்கள்.

சாயங்காலம் கொடைக்கானல் நகருக்கு இறங்கினோம். கிறிஸ்துமஸ் நெரிசல். மூன்று விடுதிகளில் பிரிந்து 11 அறை கிடைத்தது, ஓர் இரவுக்கு 34,000 ரூபாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் ஊர் திரும்பினோம்.

பணத்தைக் கேட்டபோது ஏற்பாட்டாளர் முதலில் அழுதார், அப்புறம் 10,000 அனுப்பினார், அப்புறம் எங்கள் எண்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டார். இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் செய்த தவறு, 1930-க்குப் பத்து நாள் கழித்து அழைத்தது. பணம் போன உடனே அழைத்தால்தான் அது வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம் என்று அங்கே சொன்னார்கள். பணம் தந்துவிடுவார் என்று அவர் பேச்சை நம்பிக் காத்திருந்த நாட்களில்தான் அந்தக் கணக்கு காலியானது.

இனி எங்கள் கிளப்பில் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடத்தின் சர்வே எண்ணைக் கேட்போம். தர மறுத்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. எண் கிடைத்தால் அரசின் இணையதளத்தில் பட்டா, சிட்டா பார்க்க ஐந்து நிமிடம் போதும், யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று வந்துவிடும். அந்தப் பெயரில் இருக்கிற கணக்குக்கு மட்டும்தான் பணம், குத்தகை என்றால் குத்தகைச் சீட்டைப் பார்த்த பிறகுதான். குறைந்தது இரண்டு பேர் நேரில் போய், ஒரு வண்டியையாவது உள்ளே ஓட்டித் திருப்பிப் பார்த்து, ஓர் இரவு அங்கேயே தங்கிவிட்டு வருவார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள். டிராக்கைக் கடைசி வரை நடந்து, எல்லைக்கல் எங்கே என்று ஊர்க்காரர்களிடம் கேட்பார்கள், முடிந்தால் வனத்துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை. ஈ-பாஸ் அவரவர் போனில் அவரவரே எடுக்க வேண்டும். குழந்தைகள் வந்தால் டென்ட் பெரியவர்களுக்கு மட்டும், குழந்தைகளுக்கு நகரத்துக்குள் உரிமம் உள்ள விடுதி. இதெல்லாம் அதிகப்படி என்று கிளப்பில் ஒருவர் சொன்னார். அந்த இரவு தன் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்.

இந்த வாரம் அவர் விளம்பரம் வேறு பெயரில், வேறு எண்ணில் மறுபடியும் வந்திருக்கிறது, பொங்கல் விடுமுறைக்கு. பழைய மஞ்சள் டென்ட் படத்தோடு புதிதாக ஒரு படம் சேர்த்திருக்கிறார்: சரிவில் நிற்கும் டென்டுகளுக்கு முன்னால் ஒரு பச்சை ஜிப்ஸி, கூரை மேல் ஜெர்ரி கேன் இரண்டு, பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். அது எங்கள் வண்டி, அந்த வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பையன்களில் ஒருவர் எடுத்த படம். அந்த ஜிப்ஸியை எந்த விளம்பரத்தில் பார்த்தாலும் பணம் அனுப்பாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள், புகாரில் சேர்க்க வேண்டும்.