கன்சோல் தலைமுறை மாறினால் இன்னும் வாய் பிளக்க முடிகிறதா? பிஎஸ்5, பிஎஸ்5 ப்ரோ, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் 2: ஓர் ஒப்பீடு

சோனியின் பிளேஸ்டேஷன் (பிஎஸ்) கன்சோலில் பிஎஸ்1-லிருந்து பிஎஸ்2-க்குப் போனபோது வித்தியாசத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிவியைப் பார்த்தாலே தெரிந்தது. பிஎஸ்2-இல் 2004-இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேம், மூன்று நகரங்களையும் அவற்றுக்கு நடுவே மலை, பாலைவனம், கிராமம் எல்லாவற்றையும் ஒரே டிவிடியில் அடக்கிக் காட்டியது. 2020 நவம்பரில் பிஎஸ்5 வந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட் கேமை பிஎஸ்4-இலும் பிஎஸ்5-இலும் ஓடவிட்டு, அசையாத இரண்டு படங்களை மட்டும் எடுத்து நீட்டினால், எது எதில் ஓடியது என்று சொல்லக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்காக, இனி புதுத் தலைமுறை என்பதே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கன்சோலின் பலம் கூடித்தான் இருக்கிறது. அது செலவாகும் இடம் மாறிவிட்டது. முன்பு படத்தில் தெரிந்தது இப்போது காத்திருக்கும் நேரத்திலும், அசைவிலும், கையிலும் தெரிகிறது. அதனால் எதிலிருந்து எதற்கு மாறுகிறீர்கள், எந்த டிவியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

16, 16, 16, பிறகு 2

நினைவகக் கணக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பிஎஸ்1-இன் முதன்மை நினைவகம் 2 எம்பி. பிஎஸ்2-இல் அது 32 எம்பி. பிஎஸ்3-இல் 256 எம்பி வீதம் இரண்டு பகுதிகள், மொத்தம் 512. பிஎஸ்4-இல் 8 ஜிபி. ஒவ்வொரு முறையும் சரியாக 16 மடங்கு. பிஎஸ்5-இல் 16 ஜிபி, வெறும் 2 மடங்கு. ஒரு காட்சியில் எத்தனை விதமான பொருள்களையும் எவ்வளவு நுணுக்கமான மேற்பரப்புகளையும் வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதில் நினைவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது இரட்டிப்பானதோடு நின்றுவிட்ட பிறகு, உலகமே மாறியது போலத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

கிராஃபிக்ஸ் சிப்பின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பிஎஸ்4-இன் கணக்கிடும் திறன் 1.84 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் விநாடிக்கு லட்சம் கோடிக் கணக்குகள்), பிஎஸ்5-இன் திறன் 10.28. ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. ஆனால் 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் வரைய வேண்டிய புள்ளிகள் 4 மடங்கு. விநாடிக்கு 30 ஃப்ரேமை (படச்சட்டத்தை) 60 ஆக்கினால் அது இன்னொரு 2 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 8 மடங்கு வேலை, கையில் இருப்பதோ ஐந்தரை. புதிய சிப் ஒவ்வொரு கணக்கையும் பழையதைவிடத் திறமையாகச் செய்கிறது என்பது உண்மை. அப்படியும், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் போன்ற புது வேலைகளுக்கு மிச்சம் அதிகமில்லை. அதனால்தான் பல கேம்களில் படத்தரத்துக்கு ஒன்று, ஃப்ரேமுக்கு ஒன்று என இரண்டு மோடுகள் இருக்கின்றன. அதனால்தான் பெரும்பாலான கேம்கள் முழு 4கே-யில் வரையாமல், குறைவான புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன.

இதில் இன்னொரு சிக்கல், அந்த 4 மடங்கு புள்ளிகள் பல வீடுகளில் கண்ணுக்கே எட்டுவதில்லை. 43 அங்குல டிவியில் 1080பி படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம். 8 அடி தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் 0.7 ஆர்க்மினிட் அளவுதான் வரும் (ஒரு ஆர்க்மினிட் என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு). நல்ல பார்வை பிரித்தறியும் எல்லை சுமார் 1 ஆர்க்மினிட். அந்த டிவியை 5 அடிக்குள் கொண்டுவந்தால்தான் 4கே-யின் பலன் தெரியத் தொடங்கும். ஹாலின் ஒரு கோடியில் டிவி, மறுகோடியில் சோஃபா என்றால் படத்தர மோடைத் தொடவே வேண்டாம்.

பிஎஸ்4 எதிர் பிஎஸ்5: வித்தியாசம் ஹார்ட் டிஸ்க்கில்

2020 மார்ச்சில் பிஎஸ்5-ஐ விளக்கிய அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி கிராஃபிக்ஸைவிட, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வந்த எஸ்எஸ்டி சேமிப்பைத்தான் முன்னிறுத்தினார். அது சரியான தேர்வு. பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் படிக்கும். பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி 5.5 ஜிபி படிக்கும். மற்ற எந்த எண்ணிலும் இப்படி ஒரு தாவல் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கின் உண்மையான தொல்லை வேகம் மட்டுமல்ல. தகவல் வட்டில் சிதறிக் கிடந்தால் படிக்கும் முனை இடம்விட்டு இடம் ஓட வேண்டும். அதைத் தவிர்க்க, தெருவிளக்கு, தபால்பெட்டி போன்று திரும்பத் திரும்ப வரும் பொருள்களை நகரத்தின் ஒவ்வொரு துண்டோடும் நகலெடுத்து வைத்தார்கள். கேமின் அளவு வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். வீரன் இரண்டு பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நெளிந்து போவது, லிஃப்ட்டில் நின்று பேசிக்கொண்டே மெதுவாக ஏறுவது போன்ற காட்சிகள் பல கேம்களில் அடுத்த பகுதியை நினைவகத்தில் ஏற்ற நேரம் வாங்கித் தந்தவை.

2019-இல் சோனி ஸ்பைடர்மேன் கேமை வைத்துக் காட்டிய சோதனையில், பிஎஸ்4 ப்ரோவில் சுமார் 8 விநாடி எடுத்த லோடிங் புதிய வன்பொருளில் ஒரு விநாடிக்குள் முடிந்தது. ஆடும்போது இது பழக்கத்தையே மாற்றுகிறது. லோடிங்குக்குப் பயந்து நடந்தே போன இடத்துக்கு இப்போது வரைபடத்தைத் தொட்டுப் போய்விடுகிறோம். கடினமான எதிரியிடம் தோற்ற அடுத்த கணமே மறுபடி எதிரே நிற்கிறோம். பிஎஸ்5-க்காகவே செய்த டீமன்ஸ் சோல்ஸ் மறு உருவாக்கத்திலும், 2021-இல் வந்த ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டிலும் இதை முழுதாக உணரலாம்.

அப்படியானால் ஏன் முதல் இரண்டு ஆண்டுகள் மந்தமாகத் தோன்றின? பிஎஸ்4 11.7 கோடிக்கு மேல் விற்ற கன்சோல். அத்தனை வாடிக்கையாளர்களை ஒரே நாளில் கைவிட யாருக்கும் மனம் வராது. 2022-இல் வந்த ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் மூன்றுமே பிஎஸ்4-க்கும் வந்தன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடியாக வேண்டிய கேமில் பாறை இடுக்கை எடுத்துவிட முடியாது. ஆலன் வேக் 2 போல, பழைய கன்சோலை விட்டு விலகிய கேம்கள் 2023 வாக்கில்தான் வரிசையாக வந்தன.

வெளிச்சத்திலும் அதற்குப் பிறகுதான் பலன் தெரிந்தது. 2024-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் கட்டாயம், அப்படியும் 60 ஃப்ரேமில் ஓடுகின்றன. வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஒட்டிவைக்காமல் ஓடும்போதே கணக்கிடுகிறார்கள். இந்தத் தலைமுறையின் படத்தில் பெருமைப்பட ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

கன்ட்ரோலரையும் குறைத்துச் சொல்ல முடியாது. டூயல்சென்ஸின் அதிர்வு பழைய மோட்டார் உறுமல் இல்லை. கண்ணாடி, மணல், மழை என்று தனித்தனியாகக் கைக்குத் தெரியும். ட்ரிகரின் இறுக்கமும் இடத்துக்கு ஏற்ப மாறும். கன்சோலோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை ஆடினால் புரியும். எல்லா கேம்களும் இதை இவ்வளவு அக்கறையோடு பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

பழைய கேம்களுக்காக வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018-இன் காட் ஆஃப் வார் பிஎஸ்5-இல் 60 ஃப்ரேமில் ஓடும், அதற்கெனப் புதுப்பிப்பு வந்தது. ப்ளட்போர்னுக்கு வரவில்லை. அதனால் எவ்வளவு வலுவான கன்சோலில் போட்டாலும் அதே 30 ஃப்ரேம்தான்.

இடம் போதாமல் எஸ்எஸ்டி சேர்ப்பவர்கள் பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ வகையில், விநாடிக்கு 5,500 எம்பி-க்குக் குறையாத வேகத்தில், ஹீட்சிங்க்கோடு வாங்குங்கள். ஹீட்சிங்க் சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூடி பொருந்தாது. யுஎஸ்பி டிஸ்க்கில் பிஎஸ்5 கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. பிஎஸ்4 கேம்களை ஆடலாம்.

எக்ஸ்பாக்ஸ் பக்கம்

காகிதத்தில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12.15 டெராஃபிளாப்ஸ், பிஎஸ்5-ஐவிடக் கூடுதல். ஒரே கேமை இரண்டிலும் ஓடவிட்டால் பெரும்பாலும் சமம்தான். அதன் தனிச்சிறப்பு க்விக் ரெஸ்யூம்: பல கேம்களை விட்ட இடத்திலேயே உறையவைத்து, வேண்டியதை விநாடிகளில் எழுப்புகிறது. ஆன்லைன் கேம்களில் மட்டும் இது காலை வாரும். உறைந்திருந்த நேரத்தில் சர்வர் தொடர்பு அறுந்திருக்கும். கேமை முழுதாக மூடித் திறந்தால்தான் சரியாகும். பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்கள் சிலவற்றின் ஃப்ரேமை இரட்டிப்பாக்கும் எஃப்பிஎஸ் பூஸ்ட்டும் நல்ல வேலை.

அதன் சிறிய தம்பி சீரிஸ் எஸ் வேறு விஷயம். மொத்தம் 10 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி-யில் பயன்படுத்தக் கிடைப்பது 364 ஜிபி. 2023-இல் பால்டர்ஸ் கேட் 3, பிஎஸ்5-க்கு வந்து மாதங்கள் கழித்துத்தான் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. சீரிஸ் எஸ்-இல் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை ஓடவைக்க முடியாததே சிக்கல். அப்போது அந்த வசதி இல்லாமலேயே எஸ்-இல் வெளியிட்டார்கள், 2025-இல்தான் அது சேர்ந்தது. லோடிங் வேகத்தில் புதுத் தலைமுறை, படத்தில் அரைத் தலைமுறை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பிஎஸ்5 எதிர் பிஎஸ்5 ப்ரோ

ப்ரோ 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு, டிஸ்க் டிரைவ் இல்லாமல் வந்தது. கிராஃபிக்ஸ் 16.7 டெராஃபிளாப்ஸ். இயந்திரக் கற்றல் மூலம் படத்தைப் பெரிதாக்கும் பிஎஸ்எஸ்ஆர் என்ற முறை இதன் மையம். 60 ஃப்ரேம் மோடின் வழுவழுப்போடு படத்தர மோடின் தெளிவைச் சேர்த்துத் தர முயல்கிறது. அமைந்த கேம்களில் நன்றாக இருக்கிறது. அமையாதவற்றில் பழையதைவிட மோசம்: சைலண்ட் ஹில் 2 ப்ரோவில் தொடக்கத்தில் இலைகளிலும் நிழல்களிலும் மினுமினுத்தது.

முக்கியமான குறை, செயலி (சிபியு) அதேதான். 3.5 கிகாஹெர்ட்ஸ் 3.85 ஆகும் வாய்ப்பு உண்டு, அவ்வளவே. கூட்டம் நிறைந்த ஊருக்குள் நுழைந்ததும் ஃப்ரேம் விழும் டிராகன்ஸ் டாக்மா 2 போன்ற கேம்களில் தடை செயலியில் இருக்கிறது. அங்கே ப்ரோ பெரிதாக உதவாது. 65 அங்குல டிவியை 6 அடியில் வைத்து ஆடுபவர் வாங்கலாம், மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இதில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாததால், உலக வெளியீட்டின்போது இங்கே இது வரவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வாரண்டியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விலையையும் சொல்லியாக வேண்டும். பிஎஸ்4 அமெரிக்காவில் 399 டாலரில் தொடங்கி மூன்றாண்டில் 299-க்கு இறங்கியது. டிஸ்க் உள்ள பிஎஸ்5 499.99-இல் தொடங்கி 2025 ஆகஸ்ட்டில் 549.99 ஆகிவிட்டது. தலைமுறையின் நடுவில் மலிவாக வாங்கலாம் என்று காத்திருக்கும் பழைய உத்தி இனி பலிக்காது.

ஸ்விட்ச் எதிர் ஸ்விட்ச் 2

கண்ணுக்கு உடனே தெரியும் தாவல் வேண்டுமென்றால் இப்போது அது இங்கேதான் இருக்கிறது. காரணம் எளிது: நிண்டெண்டோவின் 2017 ஸ்விட்ச் தன் காலத்துக்கே பின்தங்கிய சிப்போடு வந்தது, அதனால் மேலே ஏற இடம் நிறைய இருந்தது. 720பி, 6.2 அங்குலத் திரை 1080பி, 7.9 அங்குலம், 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 முறை படம் மாறும் வேகம்) ஆகியிருக்கிறது. நினைவகம் 4 ஜிபி-யிலிருந்து 12, சேமிப்பு 32 ஜிபி-யிலிருந்து 256. வெளியீட்டு விலை 299.99 டாலரிலிருந்து 449.99.

செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பழைய ஸ்விட்ச்சில் 30 ஃப்ரேம், அதுவும் சில இடங்களில் தடுமாறும். ஸ்விட்ச் 2 பதிப்பில் 60. போகிமான் ஸ்கார்லெட், வயலட் இலவசப் புதுப்பிப்பிலேயே ஆளே மாறிவிட்டன. இவற்றையெல்லாம்விடச் சைபர்பங்க் 2077-ஐப் பாருங்கள். 2020 டிசம்பரில் பிஎஸ்4-இல் அது ஓடிய நிலையைக் கண்டு சோனி தன் கடையிலிருந்தே சுமார் ஆறு மாதம் தூக்கிவைத்தது. ஃபேண்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கம் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. 2025 ஜூனில் அந்த விரிவாக்கமும் சேர்ந்த முழு கேமும் 64 ஜிபி அட்டையில், கையில் பிடித்து ஆடும் கருவியில் வந்தது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் பெரிதாக்கம் இதற்குப் பெரிதும் உதவியது.

குறைகளும் உண்டு. எல்சிடி திரை மெதுவானது, வேகமாகக் காட்சி நகரும்போது பின்னால் நிழல் இழுக்கும். பழைய ஸ்விட்ச்சின் ஓஎல்இடி திரை மாடலிலிருந்து வருபவர்களுக்குக் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். பேட்டரி, நிண்டெண்டோ சொல்வதன்படி, 2 முதல் 6.5 மணி நேரம். கனமான கேம் என்றால் அந்த 2-ஐத்தான் நம்ப வேண்டும். பழைய மைக்ரோ எஸ்டி அட்டையில் கேம்களை வைக்க முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். வாங்கும்போது 'கேம்-கீ கார்டு' என்று அட்டைப்பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும்தான். முழுதும் தரவிறக்க வேண்டும். புதுப்பிப்பு வராத பழைய கேம்களில் 30 ஃப்ரேம் எல்லை அப்படியே இருக்கும்.

கன்சோலைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள்

பெரிய டிவிகளில்கூட எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒன்றல்ல. 4கே 120 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் துளையில் கன்சோலோடு வந்த கேபிளையே செருகுங்கள். பிறகு டிவியில் அந்தத் துளைக்கு முழுத் தரவேகத்தைத் திறக்க வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜி-யில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மேட்'. இதைச் செய்யாவிட்டால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் வண்ணத்தையும் விரிவாகக் காட்டும் வசதி) வராமல் போகலாம். கேம் மோடைப் போடுங்கள், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது கன்ட்ரோலர் பதிலைத் தாமதமாக்கும்.

பிஎஸ்5-இல் 'கேம் ப்ரீசெட்ஸ்' பகுதியில் பர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதை மதிக்கும் கேம்கள் அந்த மோடிலேயே தொடங்கும். 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் 40 ஃப்ரேம் மோடு உள்ள கேம்களில் அதைச் சோதித்துப் பாருங்கள், ரிஃப்ட் அபார்ட்டில் இருக்கிறது. 30-இல் ஒரு ஃப்ரேம் 33.3 மில்லிவிநாடி நிற்கும், 60-இல் 16.7, 40-இல் சரியாக நடுவே 25. படத்தர மோடின் தெளிவு பெரிதாகக் குறையாமல், 30-க்கும் 60-க்கும் இடையே உள்ள தாமத வித்தியாசத்தில் பாதி குறைகிறது. 120-ஐ 40 மூன்றாகச் சமமாக வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் டிவியில் இந்தத் தேர்வு காணாமல் போகிறது.