மூன்று கணினிகளில் ஒரே கணக்குத் தாள்: ஆறு வருட அனுபவம்

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். சங்கப் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. மெயின்டனன்ஸ் கணக்கை என் விண்டோஸ் லேப்டாப்பில் எக்செல்லில் போடுவேன். செயலாளர் அதை மேக்கில் திருத்துவார். தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், உபுண்டு என்ற லினக்ஸும், எக்செல்லுக்கு மாற்றான இலவச லிப்ரெஆபிஸும் தவிர வேறெதையும் தொடமாட்டார். கோப்பு ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் ஆளே மாறியிருக்கும்.

முதல் வருடம், தலைவர் திருத்தி அனுப்பியதை அப்படியே பிரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். ‘பாக்கி’ பத்தி முழுக்க #####. மூன்றாவது மாடிக்காரர் சிரித்துக்கொண்டே, “என் பாக்கி எவ்வளவுன்னு சங்கத்துக்கே தெரியல, அப்ப கட்ட வேண்டாம்தானே சார்?” என்றார்.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எக்செல்லில் பத்தியின் அகலம் சென்டிமீட்டர் கணக்கில்லை. தாளின் இயல்பு எழுத்துருவில் எத்தனை பூஜ்யம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்பதுதான் அளவு. 8.43 என்று காட்டுகிறதே, அது அந்த எண்ணிக்கை. காலிப்ரி எழுத்துருவில், 11 அளவில் அது 64 பிக்சல். காலிப்ரி இல்லாத கணினி வேறொரு எழுத்துருவை வைத்து அளக்கும். அப்போது பத்தியும் மாறும், உள்ளே இருக்கும் எண்ணும் மாறும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் மாறாது. தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகைதான் முதலில் மாட்டும். சொற்கள் இடம் போதாவிட்டால் வெட்டுப்படும். எண்ணை மட்டும் வெட்டாமல் ##### போடுகிறார்கள். அதுவும் சரிதான், 12,500 என்பது 12 என்று தெரிந்தால் இன்னும் பெரிய வம்பு.

தீர்வு எளிது. தாளின் இயல்பு எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றினேன். லினக்ஸில் வரும் லிபரேஷன் சான்ஸ், எழுத்துக்கு எழுத்து ஏரியலின் அகலத்திலேயே செய்யப்பட்டது. காலிப்ரிதான் வேண்டும் என்பவர்கள் லினக்ஸில் கார்லிட்டோவை நிறுவிக்கொள்ளலாம், அதுவும் அதே ஏற்பாடுதான். புதிய எக்செல்லில் இயல்பாக வருவது ஆப்டோஸ் நேரோ. பழைய கணினிகளில் அது இருக்காது என்பதால், புதுத் தாள் திறந்ததும் நான் முதலில் செய்வது அதை மாற்றுவதுதான். எண் பத்திகளில் இரண்டு எழுத்து இடம் கூடுதலாகவும் விடுகிறேன்.

தமிழ் வேறு கதை. விண்டோஸின் தமிழ் எழுத்துருவான நிர்மலா யுஐ மற்ற இருவரிடமும் இல்லை. மேக் தன்னிடம் இருந்த தமிழ் எழுத்துருவைப் போட்டது, உபுண்டு வேறொன்றைப் போட்டது. வரிசை உயரத்தை நான் கையால் 15 என்று பூட்டி வைத்திருந்தேன். விளைவு, ‘லிஃப்ட் பழுது’ என்ற வரியில் ழு-வின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டு ‘பழது’ ஆகிவிட்டது. மேலே புள்ளிகளும் பாதிதான். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை மூன்று கணினியிலும் நிறுவி, உயரத்தை 20 ஆக்கினோம். தலைவரிடம் மட்டும் எழுத்துரு மாறவே மாட்டேன் என்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்தால், லிப்ரெஆபிஸில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக ஒன்று. அவர் ஆங்கிலத்துக்கானதையே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கிடைத்த ஃபில்டர் காபிக்காகவே இன்னொரு முறை கெடட்டும் என்று தோன்றியது.

தேதியில் பட்டது இரண்டு அடி. எக்செல்லின் தேதி வடிவப் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இருப்பவை அந்தந்தக் கணினியின் நாட்டு அமைப்பைப் பின்பற்றும். செயலாளரின் மேக் அமெரிக்க அமைப்பில் இருந்ததால் என் 05/07 அவருக்கு 7/5. குறி இல்லாத வடிவத்தில், மாதத்தைப் பெயராகக் காட்டச் சொன்னதும் குழப்பம் நின்றது. இரண்டாவது அடி, எனக்கு முந்தைய பொருளாளர் பழைய மேக்கில் வைத்திருந்த கோப்பு. அதிலிருந்து தேதிகளை நகலெடுத்து ஒட்டினால் 5 ஜூலை 2011 என்பது 4 ஜூலை 2007 ஆனது. அந்தக் கோப்பு நாட்களை 1904-இலிருந்து எண்ணுகிறது, என்னுடையது 1900-இலிருந்து. வித்தியாசம் 1,462 நாள். ஒரு வெற்றுக் கட்டத்தில் 1462 என்று எழுதி, அதை நகலெடுத்து, ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியாகத் தேதிகளோடு கூட்டினேன், முடிந்தது.

லட்சக் காற்புள்ளியும் நாட்டு அமைப்பைப் பொறுத்ததே. என்னிடம் 1,25,000 என்று இருப்பது மேக்கில் 125,000. இந்த வடிவத்தைப் போட்ட பிறகு எங்கும் ஒரே மாதிரி வருகிறது:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கழித்தல் தொகைக்கு இது உதவாது. எங்கள் கையிருப்பு அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

பலகையில் ஒட்டுவதற்கு இப்போது பிடிஎஃப்தான், அதுவும் என் லேப்டாப்பில் எடுத்தது மட்டும். செலவு விவரத்துக்குப் போட்ட வட்ட வரைபடம் கடைசி வரை மூன்று இடத்திலும் மூன்று விதமாகவே வந்தது. போன ஏப்ரலில் அதை எடுத்துவிட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.