அலுவலகம் இல்லாத வக்கீல் அலுவலகம்: வாட்ஸ்அப்பா, டிரைவா, தனி மென்பொருளா?

சீனியர் சென்னையில், ஒரு ஜூனியர் மதுரையில், இன்னொருவர் கோவையில். அறை வாடகை கிடையாது, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. இப்படி ஒரு வக்கீல் அலுவலகம் நடத்த என்ன தொழில்நுட்பம் வாங்குவது? காணொளி விசாரணைக்கு எந்தச் செயலி என்பதை நீதிமன்றமே சொல்லிவிடும். கேஸ் கட்டு எங்கே இருக்கும், கையெழுத்து எப்படி வாங்குவது, இவை இரண்டும்தான் நம் கையில் இருக்கின்றன.

வாட்ஸ்அப்பின் பலம், கட்சிக்காரர் ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். பட்டா, வில்லங்கச் சான்று, நோட்டீஸ் வந்த கவர் வரை படம் எடுத்து அனுப்பிவிடுவார். ‘பாஸ்வேர்ட் போட்டு எங்கள் தளத்துக்குள் வாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நேரிலேயே கொண்டுவந்து தந்துவிடுகிறேன் சார், ஆபீஸ் எங்கே?’ என்பார்.

சிக்கல் அப்புறம் வருகிறது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எப்போது எடுத்தது, எந்த போனில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண், கோப்பு கொஞ்சம் மாறினாலும் அதுவும் மாறிவிடும். சுருங்கிய படத்தின் ஹாஷும் மூலப்படத்தின் ஹாஷும் ஒத்துப்போகாது. எனவே சாட்சியமாகக்கூடிய எதையும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், மூலத்தை அழிக்கக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். உரையாடல் முழுக்க மறையாக்கம் ஆகிறது, வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் குழுவில் ஐந்து பேர் இருந்தால் கட்சிக்காரரின் ரகசியம் ஐந்து போன்களின் கேலரியில் கிடக்கும். ஜூனியர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போகும்.

கூகுள் டிரைவில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கணக்கு யாருடையது என்பதைப் பொறுத்தது. ஜூனியர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய கோப்புக்கு அவர்தான் உரிமையாளர். நிறுவனக் கணக்கில் ‘ஷேர்டு டிரைவ்’ வைத்தால் கோப்பு நிறுவனத்துடையது, ஆள் போனாலும் அது நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பி.டி.எஃப், வேர்டு கோப்புகளின் பழைய பதிப்புகளை டிரைவ் சாதாரணமாக 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரைதான் வைத்திருக்கும். சிவில் வழக்கு எத்தனை வருடம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தாக்கல் செய்த பிரதியைத் தனியாகப் பூட்டி வைப்பதுதான் வழி.

வக்கீல்களுக்கென்றே செய்த மென்பொருள்? 2008-இல் கனடாவில் தொடங்கிய கிளியோ போன்றவை மணிக்கணக்கில் கட்டணம் போடும் ஊர்களுக்காகப் பிறந்தவை. இங்கே பெரும்பாலும் வழக்குக்கு இவ்வளவு, வாய்தாவுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறோம். வாய்தா தேதி பார்க்க இ-கோர்ட்ஸ் செயலி இலவசமாகவே இருக்கிறது, ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைப் போட்டுச் சேமித்துக்கொண்டால் போதும். மூன்று நான்கு பேர் உள்ள இடத்துக்கு என் ஓட்டு இதுதான்: வரவுக்கு வாட்ஸ்அப், இருப்புக்கு ஷேர்டு டிரைவ். தனி மென்பொருளைப் பற்றி ஆட்கள் பெருகியபின் யோசிக்கலாம்.

சரி, கையெழுத்து. ஆதாரை வைத்து ஆன்லைனில் கையெழுத்திடும் ஆதார் இ-சைன் கட்சிக்காரருக்கு எளிது, ஓ.டி.பி. வந்தால் முடிந்தது. அதற்காக உருவாகும் சான்றிதழின் ஆயுளே 30 நிமிடம்தான். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் ஆதாரோடு இணைத்த இந்திய எண்ணைக் கைவிட்டிருந்தால் ஓ.டி.பி. வராது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ யு.எஸ்.பி.யில் வருவது, வருடக்கணக்கில் செல்லும், அடிக்கடி மனு தாக்கல் செய்யும் வக்கீலுக்கு அதுதான் வசதி. சீனியர் அதைப் பின் நம்பரோடு குமாஸ்தாவிடம் கொடுத்துவைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, டோக்கனுக்குள் இருக்கும் ரகசிய மின்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது.

உயிலுக்கு இரண்டுமே உதவாது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை மின்கையெழுத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. காகிதம், பேனா, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அன்றைக்கு ஜூனியர் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.