குதிகாலை மூட எந்தச் சதை?

குதிகால் சதை உடம்பில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு. தடித்த தோல், அதற்குக் கீழே தேன்கூடு மாதிரி நார்ச் சுவர்கள், அந்த அறைகளுக்குள் அடைபட்ட கொழுப்பு. எடையைத் தாங்குவதும், அடி வைக்கும்போது தோல் எலும்பின்மேல் வழுக்காமல் பிடித்துக்கொள்வதும் இந்த அமைப்புதான். விபத்தில் பிய்ந்துபோனால் மூடுவதற்கு வழிகள் உண்டு. மூடியது நடையைத் தாங்குமா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

உரிந்து தொங்கும் சதையை அப்படியே தைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கான ரத்தக் குழாய்கள் கீழிருந்து செங்குத்தாக ஏறுபவை, உரிந்தபோதே அறுந்திருக்கும். தைத்த சதை சில நாளில் கறுத்துப்போவது சகஜம். தொடைத் தோலைச் சீவி ஒட்டும் தோல் ஒட்டு சுலபமான வேலைதான், ஆனால் அடியில் கொழுப்பு மெத்தை மிச்சமிருந்தால் மட்டுமே அதை யோசிக்கலாம். வெறும் எலும்பில் பிடிக்காது. எடை விழும் இடத்தில் திரும்பத் திரும்பப் புண்ணாகும்.

புண் அளவாக இருந்தால் என் முதல் ஓட்டு உள்ளங்கால் வளைவிலிருந்து திருப்பி வைக்கும் ஃபிளாப்புக்கு, அதாவது ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் சதைத் துண்டுக்கு. தரையில் படாத இடத்துச் சதை அது. ஆனாலும் தோலின் ஜாதி குதிகாலுடையதேதான். தன் ரத்தக் குழாயோடும் நரம்புக் கிளையோடும் வருவதால் தொடு உணர்வும் கிடைக்கும். எடுத்த இடத்தில் தோல் ஒட்டு வைத்தால் போதும், அங்கே எடை விழாது. குறை, சதை கொஞ்சம்தான் கிடைக்கும். விபத்தில் அந்தத் தமனியே நசுங்கியிருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும்.

அப்போது கெண்டைக்காலின் பின்புறச் சதையைத் தலைகீழாக இறக்கும் சூரல் ஃபிளாப் வரும். மாஸ்கலேயும் சக மருத்துவர்களும் 1992இல் விவரித்த முறை. மைக்ரோசர்ஜரி, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்த்து நுண்ணிய குழாய்களை இணைக்கும் அறுவை, தேவையில்லை என்பதால் பல இடங்களில் இதுதான் கைகொடுக்கிறது. ஆனால் சிரை ரத்தம் தேங்கி ஓரம் கருகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். புதுக் குதிகால் பெரும்பாலும் மரத்தே இருக்கும். பாதத்தின் வெளி ஓரமும் மரத்துப்போகும், நரம்பையும் சேர்த்து எடுப்பதால். செருப்பு கடித்தாலும் தெரியாது, தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டியதுதான்.

குதிகாலோடு கணுக்காலும் போயிருந்தால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை முழுக்கப் பிரித்துக் கொண்டுவந்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் குழாய்களை இணைக்கவேண்டும். நீண்ட அறுவை, முதல் சில நாள் குழாய் அடைக்கிறதா என்று மணிக்கணக்கில் காவல். தொடைச் சதையில் நரம்பையும் இணைக்க முடியும். ஆனால் அது தடிமனாக உட்கார்ந்து செருப்புக்குள் நுழையாது, மெலியவைக்க இன்னொரு அறுவை வேண்டியிருக்கலாம். முதுகுத் தசையை வைத்து மேலே தோல் ஒட்டினால் அது நாளடைவில் சுருங்கும், அதனால் வடிவம் அமைவது சுலபம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் வைப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே பேசவேண்டும். அமெரிக்காவின் லீப் ஆய்வில், கடுமையாகக் கால் அடிபட்டவர்களில் காலைக் காப்பாற்றியவர்களும் இழந்தவர்களும் 2 ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அதே ஆய்வில், முதல் நாள் உள்ளங்கால் மரத்திருந்தும் கால் காப்பாற்றப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் 2 ஆண்டில் உணர்வு திரும்பியது. ஆகவே 'கால் மரத்துவிட்டது, எடுத்துவிடலாம்' என்று அன்றைக்கே யாராவது சொன்னால், வேறு காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.